லிஞ்ச் தெருவில் ஒரு கல்லூரி

1

அமெரிக்கக் கறுப்பர் இலக்கியம் என்று நம்மிடையே பேச்சு வரும்போது ஹார்லெம், சிகாகோ என்ற இரண்டு இடங்களும் ரைட், எல்லிஸன், பால்ட்வின் என்ற மூன்று பெயர்களும் சொல்லப்பட்டு விஷயம் முடிந்துவிடுகிறது. தெற்கை விட்டுப் போனவர்களும் வடக்கில் பிறந்தவர்களும் எழுதியது இலக்கியம். தெற்கிலேயே இருந்துவிட்டவர்கள் பட்டது வரலாறு. இப்படி ஒரு பாகப் பிரிவினை யாரும் சொல்லாமலே நடந்திருக்கிறது. இது எவ்வளவு தவறு என்பதற்கு மிஸிஸிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்ஸனில் உள்ள ஜாக்ஸன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதை ஒன்றே போதும்.

அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம், 1964க்கு முன்பு கறுப்பர் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்டு நிறுவப்பட்ட கல்லூரிகளைத் தனியொரு வகையாக வரையறுக்கிறது. இவை ஏறத்தாழ நூறு. பாதிரிகளும் திருச்சபைகளும் நடத்திய தனியார் கல்லூரிகள் ஒரு பகுதி. மாநில அரசுகள் நடத்தியவை மறு பகுதி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. கறுப்பனுக்கு ஓட்டில்லாத ஒரு மாநிலத்தில், அந்த மாநிலத்தின் பணத்தில் கறுப்பனுக்கு ஒரு கல்லூரி நடக்கிறது என்றால் அதற்கு ஒரு விலை இருந்தாக வேண்டும். அந்த விலை மௌனம். அதை யார் கொடுத்தார்கள், எத்தனை காலம் கொடுத்தார்கள், கொடுத்து எதைப் பெற்றார்கள் என்பதுதான் என் அக்கறை. மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதுகிற எவருக்கும் இது அந்நிய விஷயமாக இருக்க முடியாது.

2

1877இல் நாட்செஸ் என்ற ஆற்றங்கரை ஊரில், நியூயார்க்கைச் சேர்ந்த பாப்டிஸ்ட் உள்நாட்டு மிஷன் சங்கம் விடுதலை பெற்ற அடிமைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கியது. ஆண்டைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கில் நிறுத்தப்பட்டிருந்த கூட்டரசின் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டு, கறுப்பர்கள் பழைய எஜமானர்களிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்ட ஆண்டும் அதுவே. ஒரு கதவு மூடப்படுகிற சத்தத்தில்தான் இந்தப் பள்ளி திறந்தது. 1880களின் தொடக்கத்தில் அது ஜாக்ஸனுக்கு இடம் மாறியது. 1899இல் ஜாக்ஸன் கல்லூரி ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் நகரின் மேற்குப் பகுதியில் இன்றிருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த இடத்தை ஊடுருவிப் போகும் சாலையின் பெயர் ஜே. ஆர். லிஞ்ச் தெரு. விசாரணை இல்லாமல் கும்பல் கூடிக் கொல்வதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் இதுவே என்பதால் முதல் தடவை கேட்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். உண்மையில் அது ஜான் ராய் லிஞ்ச் என்ற கறுப்பரின் பெயர். 1847இல் அடிமையாகப் பிறந்தவர். மிஸிஸிப்பி கீழ்ச்சபையின் சபாநாயகராக இருந்து, 1872இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அந்தக் காலத்தைப் பற்றி வெள்ளைச் சரித்திராசிரியர்கள் எழுதிக் குவித்த பொய்களுக்குப் பதிலாக 1913இல் ஒரு புத்தகமும் எழுதினார். ஆனால் 1890இல் மிஸிஸிப்பி இயற்றிக்கொண்ட அரசியல் சட்டம் தலைவரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் வைத்துக் கறுப்பரின் ஓட்டைப் பறித்துவிட்டிருந்தது. லிஞ்ச் போன்ற இன்னொருவர் வர வழியில்லாமற் போன பிறகு, அவர் பெயர் ஒரு தெருப் பலகையில் மட்டும் நின்றது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பாப்டிஸ்ட் சங்கம் கையை விரித்துவிட்டது. 1940இல் மாநில அரசு கல்லூரியை ஏற்றது. ஏற்றதும் செய்த முதல் காரியம் அதைச் சிறுக்க வைத்ததுதான். கிராமப் பள்ளிகளுக்கும் ஆரம்பப் பள்ளிகளுக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்யும் இடமாக அதைக் குறுக்கி, 'மிஸிஸிப்பி நீக்ரோ பயிற்சிப் பள்ளி' என்று பெயரும் வைத்தது. ஒரு பெயரில் இத்தனை அர்த்தம் அடங்கியிருப்பது அபூர்வம். கல்லூரி இல்லை, பள்ளி. கல்வி இல்லை, பயிற்சி. பருத்திக்காட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர ஆள் வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை என்பதுதான் அரசாங்கத்தின் கணக்கு.

அன்று தலைவராக வந்த ஜேக்கப் ரெட்டிக்ஸ் 1967 வரை இருபத்தேழு ஆண்டுகள் இருந்தார். முழுக்க வெள்ளையர்களாலான ஒரு வாரியத்தின் முன் ஒவ்வொரு ஆண்டும் போய் நின்று, கேட்டு, காத்திருந்து, கிடைத்ததை வைத்துக் கட்டினார். படிப்பு நான்காண்டுப் பட்டமாயிற்று. கட்டிடங்கள் எழும்பின. 1950களில் மேல்பட்ட வகுப்புகள் வந்தன. 1956இல் பெயர் ஜாக்ஸன் ஸ்டேட் கல்லூரி ஆனது. அந்த ஆண்டுதான் மிஸிஸிப்பி அரசு 'மாநில இறையாண்மை ஆணையம்' என்ற ஒற்றர் துறையையும் அமைத்தது. நிறப் பிரிவினையை எதிர்ப்பவர் யார் என்று பட்டியல் போடுவதற்கு அரசாங்கப் பணத்தில் ஒரு அலுவலகம். அதன் கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வர 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3

1949இல் ஆங்கில ஆசிரியையாக இந்தக் கல்லூரிக்கு வந்தார் மார்கரெட் வாக்கர். வயது முப்பத்து நான்கு. அலபாமாவில் பிறந்தவர். சிகாகோவில் அரசு எழுத்தாளர் திட்டத்தில் வேலை செய்தபோது ரிச்சர்ட் ரைட்டின் சிநேகம் கிடைத்தது. 1942இல் யேல் இளங்கவிஞர் வரிசையில் அவருடைய முதல் தொகுதி வெளிவந்து பெயர் பெற்றது. ரைட் தெற்கையும் பிறகு அமெரிக்காவையுமே விட்டுப் பாரிஸுக்குப் போனார். வாக்கரோ கணவன், குழந்தைகளுடன் எதிர்த் திசையில், ரைட் விட்டு ஓடிய அதே மிஸிஸிப்பிக்கு வந்து சேர்ந்தார். முப்பது ஆண்டுகள், 1979இல் ஓய்வு பெறும் வரை, இங்கேயே கற்பித்தார்.

1942க்கும் 1966க்கும் இடையில் அவர் ஒரு புத்தகம்கூட வெளியிடவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள். இதை வறட்சி என்று சொல்லிவிடுவது சுலபம். வகுப்புகள், விடைத்தாள்கள், நான்கு குழந்தைகள், நோய், போதாத சம்பளம் என்று காரணங்களை அடுக்குவதும் சுலபம்; அவரே அடுக்கியிருக்கிறார். ஆனால் இந்த இடைவெளியின் நடுவே 1952இல் நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். கல்லூரியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவையொட்டி வாக்கர் ஒரு இலக்கியக் கூட்டம் ஏற்பாடு செய்தார். லாங்ஸ்டன் ஹ்யூஸ், ஸ்டெர்லிங் பிரௌன், ஆர்னா பான்டெம்ப்ஸ், க்வென்டலின் ப்ரூக்ஸ், ராபர்ட் ஹேடன், மெல்வின் டால்ஸன், ஓவன் டாட்ஸன் எல்லோரும் வந்தார்கள். அன்றைய கறுப்புக் கவிதையில் முக்கியமானவர்களில் பெரும்பாலோர் என்றே சொல்லலாம். நகரத்து ஓட்டல்கள் இடம் தராத, பொது நூலகம் உள்ளே விடாத இவர்கள், வாத்தியார்களை உற்பத்தி செய்ய என்று அரசு விட்டுவைத்த ஒரு கல்லூரியில் கூடிக் கவிதை வாசித்தார்கள். வாரியம் இதில் ஆபத்து எதையும் பார்க்கவில்லை. கவிதைதானே என்று விட்டிருக்க வேண்டும். கவிதையின் முக்கியமின்மையே சில சமயம் அதற்கு மறைவிடமாகிறது.

இந்த மறைவிடத்தின் எல்லை 1961இல் தெரிந்தது. ஜாக்ஸனின் வடக்கு எல்லையில் டூகலூ என்று ஒரு கறுப்பர் கல்லூரி இருக்கிறது. 1869இல் மிஷனரிகள் நிறுவிய தனியார் கல்லூரி. 1961 மார்ச் 27 அன்று டூகலூ மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையருக்கான நகரப் பொது நூலகத்துக்குள் போய், புத்தகம் எடுத்து, உட்கார்ந்து படித்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். படித்ததற்காகச் சிறைக்குப் போவது என்பதைவிடத் தெளிவான ஒரு எதிர்ப்பை இலக்கிய வாசகன் கற்பனை செய்ய முடியாது. அன்று மாலை ஜாக்ஸன் ஸ்டேட் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் தங்கள் கல்லூரி நூலகத்தின் முன் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். அவ்வளவுதான், பிரார்த்தனை. ரெட்டிக்ஸ் ஓடிவந்து அதைக் கலைக்க முற்பட்டார். மறுநாள் சிறைச்சாலை நோக்கி நடந்த மாணவர்களைக் காவல்துறை தடியும் கண்ணீர்ப் புகையும் நாய்களும் கொண்டு விரட்டியது. மாணவர் பேரவை கலைக்கப்பட்டது. சிலர் வெளியேற்றப்பட்டனர். வெளியேறி டூகலூவில் சேர்ந்தவர்களில் டோரி லேட்னர், ஜாய்ஸ் லேட்னர் என்ற சகோதரிகள் உண்டு. அக்கா விடுதலை இயக்கத்தின் முழுநேர ஊழியரானார். தங்கை சமூகவியல் அறிஞராகி, பின்னாளில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். அப்போது ஜாக்ஸன் ஸ்டேட்டில் மாணவராக இருந்த இன்னொருவர் ஜேம்ஸ் மெரிடித். வெள்ளையருக்கு மட்டுமேயான மிஸிஸிப்பிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வழக்காடிக்கொண்டிருந்தார். 1962இல் அவர் அங்கே நுழைந்தபோது கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள்.

டூகலூவின் தைரியத்தையும் ஜாக்ஸன் ஸ்டேட்டின் பயத்தையும் எதிரெதிரே நிறுத்தி முதலதைப் போற்றி இரண்டாவதை ஏசுவது அன்றைய இயக்கத்தில் இருந்தவர்களின் வழக்கம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு, அடிபட்டவர்கள் அவர்கள். ஆனால் டூகலூவின் சம்பளம் வடக்கிலிருந்து வந்தது, ஜாக்ஸன் ஸ்டேட்டின் சம்பளம் தடியைப் பிடித்திருந்த கையிலிருந்தே வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனமாகாது. ரெட்டிக்ஸை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் ஒரு பேரத்தை ஏற்றுக்கொண்டார்: நாங்கள் பேசமாட்டோம், நீங்கள் எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடுங்கள். பல்லாயிரம் பேர் அந்த பேரத்தின் பலனாகப் படித்து வெளியே வந்ததும் உண்மை. பேரத்தின் மறு தரப்பு தன் வாக்கைக் காப்பாற்றியதா என்பதுதான் கேள்வி.

4

1960களில் லிஞ்ச் தெரு ஒரே சமயத்தில் மூன்று உலகங்களாக இருந்தது. மாணவர்களுக்கு அது வகுப்புக்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே கடந்தாக வேண்டிய தெரு. விடுதலை இயக்கத்துக்கு அது தலைமையகம். அதே தெருவில் மேசானிக் டெம்பிள் என்ற கட்டிடத்தில் மெட்கர் எவர்ஸின் அலுவலகம் இருந்தது. 1963 ஜூன் 12 அன்று தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு இறுதிச் சடங்கும் அங்கேதான் நடந்தது. வாக்கர் குடும்பம் வசித்ததும் எவர்ஸ் வீடு இருந்த அதே கைன்ஸ் தெருவில். மூன்றாவதாக, வெள்ளையர்களுக்கு லிஞ்ச் தெரு வீட்டுக்குப் போகும் குறுக்கு வழி. கல்லூரியின் நடுவே காரை ஓட்டிக்கொண்டு வசவுகளையும் போத்தல்களையும் வீசிவிட்டுப் போவது அவர்களில் சிலருக்குப் பொழுதுபோக்கு.

வாக்கரின் நாவல் 'ஜூபிலி' 1966இல் வெளிவந்தது. தம் கொள்ளுப்பாட்டியின் வாழ்க்கையை, பாட்டி வாயால் கேட்ட கதையிலிருந்து எடுத்து, பத்தொன்பது வயதில் எழுதத் தொடங்கி, ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்து முடித்தார். நாவலின் உருவத்தில் குறைகள் உண்டு. தகவல்கள் சில இடங்களில் மனிதர்களை மூடிவிடுகின்றன. ஆனால் அடிமை முறையை அடிமைப் பெண்ணின் சமையலறையிலிருந்து, சோப்புக் காய்ச்சுவதிலிருந்து, மருந்துச் செடி தேடுவதிலிருந்து பார்த்த நாவல் அதற்கு முன் ஆங்கிலத்தில் அநேகமாக இல்லை. இருபத்து நான்கு ஆண்டுகளின் மௌனம் எங்கே போயிற்று என்பதற்கு இதுவே விடை.

1967இல் ரெட்டிக்ஸுக்குப் பின் ஜான் பீப்பிள்ஸ் தலைவரானார். இந்தக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. அவர் காலத்தில், 1968இல், வாக்கர் கறுப்பின மக்களின் வரலாறு, வாழ்க்கை, பண்பாடு பற்றிய ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். கறுப்பர் ஆய்வு என்ற துறையே பல பெரிய பல்கலைக்கழகங்களில் இல்லாத நேரம். இளம் எழுத்தாளரான ஆலிஸ் வாக்கரும் அப்போது ஓராண்டு இங்கே கற்பித்தார்.

தெரு மாறவில்லை. 1967 மே மாதம் மாணவர் கொந்தளிப்பின்போது பென்ஜமின் பிரௌன் என்ற இளம் இயக்க ஊழியர் லிஞ்ச் தெருவில் காவல்துறையால் சுடப்பட்டு இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1970 மே 14 இரவு, மெட்கர் எவர்ஸின் அண்ணனும் ஃபயட் நகர மேயருமான சார்ல்ஸ் எவர்ஸ் கொல்லப்பட்டார் என்று ஒரு வதந்தி பரவியது. ஒரு லாரி எரிக்கப்பட்டது. நகரக் காவல்துறையும் மாநில நெடுஞ்சாலைக் காவல்துறையும் கவச வண்டியுடன் தெருவில் முன்னேறி, அலெக்ஸாண்டர் விடுதி என்ற பெண்கள் விடுதியின் முன் வந்து நின்றன. நடுநிசி கடந்து சில நிமிஷம். எங்கோ ஒரு போத்தல் விழுந்து உடைந்தது. சுட ஆரம்பித்தார்கள். ஏறத்தாழ அரை நிமிஷம். விடுதியின் மேல் நானூறுக்கும் அதிகமான குண்டுகள் பாய்ந்திருந்தன. தெருவைப் பார்த்த அந்தப் பக்கத்து ஜன்னல்களில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை.

இருபத்தோரு வயது ஃபிலிப் கிப்ஸ் இறந்தார். மணமாகி ஒரு குழந்தை பெற்றிருந்த மாணவர். பதினேழு வயது ஜேம்ஸ் எர்ல் கிரீன் இறந்தார். உயர்நிலைப் பள்ளி மாணவன். மளிகைக் கடையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், தெருவின் எதிர்ப்பக்கம், போலீஸாருக்குப் பின்னால் நின்றவன். பன்னிரண்டு பேர் காயமடைந்தார்கள். விடுதியிலிருந்து யாரோ ஒளிந்து சுட்டார்கள் என்று காவல்துறை சொன்னது. ஜனாதிபதி நிக்ஸன் அமைத்த விசாரணைக் குழுவோ, அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமற்ற, மிதமிஞ்சிய செயல் என்று எழுதியது. யார்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. குடும்பத்தார் போட்ட சிவில் வழக்கும் 1982இல் உச்ச நீதிமன்றம் கேட்க மறுத்ததோடு முடிந்தது. அந்த ஆண்டு பட்டமளிப்பு விழா நடக்கவில்லை. பட்டங்கள் தபாலில் போயின.

இதற்குப் பதினொரு நாள் முன்பு ஒஹையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வெள்ளை மாணவர்கள் சுடப்பட்டு இறந்ததை உலகம் அறியும். கென்டுக்குப் பரிசு பெற்ற புகைப்படம் இருக்கிறது, வானொலியில் ஒலித்த பாட்டு இருக்கிறது. ஜாக்ஸன் நடந்தது நடுநிசியில். அது கென்டின் அடிக்குறிப்பாகவே பல புத்தகங்களில் வருகிறது. என்னை அதிகம் உறுத்துவது இந்த மறதிகூட அல்ல. முப்பது ஆண்டு மௌனத்தை வாங்கிக்கொண்ட அரசுதான் அந்த மௌனத்தின் விலையாகத் தானே கட்டிக்கொடுத்த விடுதியைச் சுட்டது. மௌனம் காப்பாற்றும் என்று நினைத்தவர்களுக்கு அந்தச் சுவரில் பதில் இருந்தது.

5

அதற்குப் பிறகு ஜாக்ஸன் ஸ்டேட் என்ன செய்தது என்பதில்தான் எனக்கு அதன் மேல் மதிப்பு வருகிறது. மூடிக்கொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் பாண்டு வாத்தியக் குழுவின் பெண்கள், கையில் சுழற்றும் கோலைக் கீழே வைத்துவிட்டு, தாங்கள் ஆடுகிற நடனத்தையே ஆட ஆரம்பித்தார்கள். அந்த ஆட்டம் பின்னாளில் தெற்கு முழுவதும் பரவியது. 1971இல் வந்து சேர்ந்த வால்ட்டர் பேட்டன் என்ற மாணவன் கால்பந்தில் நாடே திரும்பிப் பார்க்கும்படி ஓடினான். சனிக்கிழமைகளில் முழங்கிய அந்த வாத்தியத்தை வெறும் கொண்டாட்டம் என்று ஒதுக்குகிறவர்கள், சுடப்பட்ட ஒரு தெருவில் சத்தம் போடுவது என்பதன் பொருளை யோசிக்க வேண்டும்.

வாக்கரின் இரண்டாவது கவிதைத் தொகுதி 1970இல் டெட்ராய்ட்டின் பிராட்சைட் பிரஸ் வழியாக வந்தது. டட்லி ராண்டல் என்ற நூலகர் தம் வீட்டிலிருந்து நடத்திய சின்னஞ்சிறு பிரசுரம். யேலிலிருந்து பிராட்சைட் வரை என்பது இறக்கமல்ல, ஒரு தேர்வு. விவிலியத் தீர்க்கதரிசிகளின் பெயரில் இயக்கத் தலைவர்களை அழைக்கும் கவிதைகள். மெட்கர் எவர்ஸ் மீகாவாக வருகிறார். மேடைக் குரல் பல இடங்களில் கவிதையை மிஞ்சிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இருபது ஆண்டுகளாக மேடையே மறுக்கப்பட்டிருந்த குரல் அது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

1973 நவம்பரில் வாக்கர் மீண்டும் ஒரு கூட்டம் கூட்டினார். அடிமைப் பெண் ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுதி 1773இல் வெளிவந்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலிஸ் வாக்கர், ஆட்ரி லார்ட், நிக்கி ஜியோவான்னி, சோனியா சான்செஸ், லூஸில் க்ளிஃப்டன், ஜூன் ஜோர்டன் முதலிய பெண் கவிஞர்கள் வந்தார்கள். 1952இல் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், இப்போது பெண்கள். பின்னாட்களில் உலகம் பேசப்போகிற ஒரு இலக்கியத்தின் பெயர்ப் பட்டியல், மூன்றே ஆண்டுகளுக்கு முன் ரத்தம் சிந்திய வளாகத்தில் எழுதப்பட்டது.

அடுத்த ஆண்டு கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. அதற்கடுத்த ஆண்டு, 1975இல், மகனை அங்கே படிக்க வைத்த ஜேக் ஏயர்ஸ், கறுப்பர் கல்லூரிகளுக்கு மிஸிஸிப்பி அரசு தலைமுறைகளாகக் குறைத்துத் தந்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1992இல் மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2002இல் 503 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. வழக்குப் போட்டவர் அதற்கு முன்பே இறந்துபோனார். அந்தப் பணத்தின் ஒரு பகுதியைத் தங்கள் பொறுப்பில் பெறுவதற்கு, இக்கல்லூரிகள் பத்து சதவிகிதம் பிற இனத்தவரைச் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் அதில் இருந்தது. பாக்கியைத் திருப்பித் தரும்போதும் நிபந்தனை போடுகிற பழக்கம் அரசுகளை விட்டுப் போவதில்லை.

1970இல் தபாலில் பட்டம் பெற்றவர்களுக்கு 2021 மே மாதம், ஐம்பத்தோரு ஆண்டுகள் கழித்து, பட்டமளிப்பு விழா நடத்தப்பட்டது. ஜாக்ஸன் நகர மேயர் நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். வாக்கர் 1998இல் மறைந்தார். அவர் நிறுவிய நிலையம் இன்று அவர் பெயராலேயே, வளாகத்தின் மிகப் பழைய கட்டிடத்தில் இயங்குகிறது. அவருடைய கையெழுத்து நாட்குறிப்புகளும், சாதாரணக் கறுப்பு மனிதர்கள் தம் வாயால் சொல்லிப் பதிவு செய்த வாழ்க்கைகளும் அங்கே இருக்கின்றன. ஒற்றர் துறையின் கோப்புகள் ஒரு பக்கம், இந்தக் காகிதங்கள் ஒரு பக்கம். இரண்டுமே மிஸிஸிப்பி அரசின் சம்பளத்தில் எழுதப்பட்டவை. சம்பளம் மனிதனை முழுக்க வாங்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட ஸ்தூலமான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் மீதியிருப்பதைக் கொண்டு என்ன செய்தோம் என்ற கணக்கையும் அது கேட்காமல் விடாது.

வளாகத்துக்குள் லிஞ்ச் தெரு இப்போது போக்குவரத்துக்கு மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்துக்கு கிப்ஸ்-கிரீன் சதுக்கம் என்று பெயர். சாப்பாட்டு வேளையில் மாணவர்கள் அதைக் குறுக்கே நடந்து கடக்கிறார்கள்.